ஆட்டம் யாருது, ஐடி யாருது?

கேம் பத்தின பதிவுன்னு தெரிஞ்சதுமே உங்கள்ல பாதி பேர் அடுத்த பதிவுக்குத் தாவிடுவீங்கன்னு தெரியும். கொஞ்சம் நில்லுங்க மக்களே. பப்ஜி ஆடினா பசங்க கெட்டுப் போவாங்களா மாட்டாங்களான்னு பட்டிமன்றம் நடத்தப் போறதில்ல. அதுக்கு டிவியில ஏற்கனவே ஆள் இருக்காங்க. நான் சொல்ல வந்தது வேற. ஒரு ஆன்லைன் விளையாட்டை நம்ம நாட்டுல நடத்திட்டிருக்கற கம்பெனி ஒரு நாள் கடையைக் கட்டிட்டுப் போயிட்டா, அதுல ஆடினவங்க வருஷக்கணக்கா சேர்த்து வெச்சது என்ன ஆகும்? அது யாருக்குச் சொந்தம்? இதான் மேட்டர்.

ஏன் இப்போன்னு கேட்டா, 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்துல ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் நிறைவேறினப்ப சித்தப்பா பையன் போன் பண்ணான். ஆலங்குடி பக்கம் எங்க ஊர்லதான் இருக்கான், பாலிடெக்னிக் படிக்கிறான். "அண்ணே, இதையும் தூக்கிடுவாங்களாண்ணே?"ன்னான். அந்தச் சட்டம் தடுக்கறது காசு கட்டி ஆடற ஆட்டங்களைத்தான், நீ ஆடறது அதுல வராதுன்னு எடுத்துச் சொன்னேன். நம்பல. ஏன் நம்பணும்? அவனுக்கு விவரம் தெரிஞ்ச வயசுலேர்ந்து ரெண்டு தடவை அவன் கேம் போய்ட்டுத் திரும்பி வந்திருக்கு. பரீட்சை பயத்தைவிட இந்தப் பயம் அவனுக்கு ஜாஸ்தி. (சித்தப்பா இதைப் படிக்க மாட்டார்ங்கற தைரியத்துல எழுதறேன்.)

கதை தெரியாதவங்களுக்காக முன்கதைச் சுருக்கம். 2018 மார்ச்ல பப்ஜி மொபைல் வந்தப்ப நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். ஹாஸ்டல்ல ரூமுக்கு நாலு பேர், ஸ்குவாடுக்கும் நாலு பேர். இதைவிட ஜாதகப் பொருத்தம் வேற என்ன வேணும்? நூறு பேர் பாராசூட்ல குதிச்சு, கடைசி வரைக்கும் நிக்கறவன் ஜெயிக்கிற ஆட்டம். போச்சிங்கின்னு அதுல ஒரு ஊரு. அங்க குதிச்சா பேருக்கேத்த மாதிரி போச்சு :-)

படிப்பு முடிஞ்சதும் ரூம் கலைஞ்சுது. ஒருத்தன் சிங்கப்பூர்ல கட்டுமானக் கம்பெனி, ஒருத்தன் ஓசூர், ஒருத்தன் ஊர்லயே அப்பாவோட பலாத்தோப்பு, நான் சென்னையில பொட்டி தட்ட வந்துட்டேன். புதுக்கோட்டை மாவட்டத்துல இது சாதாரணக் கதை. தெருவுக்கு நாலு வீட்டுல யாராவது சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு இருப்பாங்க. ராத்திரி நமக்குப் பத்து மணின்னா சிங்கப்பூர்ல பன்னெண்டரை. அந்த நேரத்துலயும் அவன் வருவான்.

இதை வெளியில இருந்து பார்க்கறவங்களுக்குப் புரியாது. போன் பண்ணா "சாப்டியா, லீவு எப்போ"ன்னு ரெண்டு நிமிஷத்துல பேச்சு தீர்ந்துடும். கேம்ல மைக்கை ஆன் பண்ணி வெச்சுட்டு ரெண்டு மணி நேரம் ஓடிட்டிருக்கறப்ப, நடுவுல எல்லாம் வந்துடும். அப்பாவுக்கு சுகர் ஏறினது, தங்கச்சிக்கு வந்த வரன், ஏஜென்ட்டுக்குக் கட்ட வேண்டிய பாக்கி. ஆம்பளைப் பசங்க மூஞ்சியைப் பார்த்து உக்காந்து இதெல்லாம் பேச மாட்டாங்க. எதிர்ல எவனையாவது சுட்டுக்கிட்டேதான் பேசுவாங்க. எங்க தாத்தாவுக்குக் கோயில் திண்ணை என்னவோ, அதுதான் எங்களுக்கு இது. திண்ணைக்கு வாடகை கேட்க ஆள் இல்ல, இதுக்கு இருந்தாங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

2020 லாக்டவுன்ல நான் ஊருக்கு வந்துட்டேன். மொட்டை மாடியில ஒரு மூலையிலதான் ஜியோ சிக்னல் நிக்கும். பகல்ல அங்க உக்காந்து ஆணி புடுங்கறது, ராத்திரி அதே மூலையில ஸ்குவாட்.

செப்டம்பர் 2, 2020 சாயங்காலம் செய்தி வந்துச்சு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி 118 ஆப்களுக்குத் தடை, அதுல பப்ஜி மொபைலும் ஒண்ணு. ஜூன் 29 அன்னிக்கே டிக்டாக் உட்பட 59 ஆப் போயிருந்ததால இது ஒரேயடியா இடி மாதிரி விழலை. தடையைப் பத்தி எங்க ஊர்ப் பசங்க யாரும் கொடி பிடிக்கலைங்கறதையும் சொல்லணும். ஜூன்ல கல்வான் பள்ளத்தாக்குல செத்துப்போன 20 வீரர்கள்ல ஒருத்தர் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. எங்க பக்கம் பட்டாளத்துல ஆள் இல்லாத ஊர் கம்மி. அந்த வருத்தத்துக்கு முன்னாடி கேம் எல்லாம் பெருசு இல்லன்னு பத்தாவது படிக்கிற பையனுக்கும் தெரிஞ்சிருந்தது.

அடுத்து நடந்ததுதான் நான் பேச வந்த விஷயம். செப்டம்பர் 8-ஆம் தேதி கேமோட சொந்தக்காரங்களான தென்கொரியாவின் பப்ஜி கார்ப்பரேஷன், 'இந்தியாவுல வெளியிடற உரிமை இனிமே டென்சென்ட்டுக்குக் கிடையாது'ன்னு அறிவிச்சாங்க. அக்டோபர் 30-ஆம் தேதி டென்சென்ட் இந்தியாவுக்கான சேவையை முழுசா நிறுத்துச்சு. செப்டம்பர் 2-க்கு அப்புறமும் போன்ல ஏற்கனவே இருந்த கேம் ஓடிட்டுதான் இருந்துச்சு. நெசமா விளக்கு அணைஞ்சது அக்டோபர் 30 அன்னிக்குத்தான்.

வெளியிடறவர் யாரு, சொந்தக்காரர் யாருன்னு குழம்பறவங்களுக்கு நம்ம சினிமாக் கணக்கே போதும். படம் எடுத்த தயாரிப்பாளர் வேற, திருச்சி-தஞ்சாவூர் ஏரியாவுக்கு வாங்கி ரிலீஸ் பண்ற விநியோகஸ்தர் வேற. ரெண்டு பேருக்கும் தகராறுன்னா வேற ஒருத்தர் வாங்கி ரிலீஸ் பண்ணுவார், படம் அதே படம்தான். ஆனா ஆன்லைன் கேம்ல விநியோகஸ்தர் கையில இருக்கறது படப்பொட்டி மட்டும் இல்ல. தியேட்டர்ல உக்காந்திருக்கறவன் யாரு, எத்தனை வருஷமா வர்றான், எந்த சீட்டு, கேன்டீன்ல எவ்ளோ முன்பணம் கட்டி வெச்சிருக்கான், பக்கத்து சீட்டுல யாரு உக்காருவா, எல்லாமே அவர் நோட்டுலதான் இருக்கு. அவர் நோட்டை எடுத்துட்டுக் கிளம்பிட்டா, புது விநியோகஸ்தர் வந்து அதே படத்தைப் போட்டாலும் நீ கதவுல புது ஆள்.

அந்த எட்டு மாசம் பசங்க பட்ட கவலை எல்லாம் இந்த நோட்டைப் பத்தினதுதான். கேம் திரும்பி வருமான்னு கேட்டவங்களைவிட 'ஐடி வருமா'ன்னு கேட்டவங்கதான் ஜாஸ்தி. சென்சார் டவர் கணக்குப்படி இந்தியாவுல மட்டும் ஏறக்குறைய 17.5 கோடி தடவை இறக்கப்பட்ட கேம் அது. நவம்பர் 12, 2020 அன்னிக்கு 'பப்ஜி மொபைல் இந்தியா' வரும், 10 கோடி டாலர் முதலீடு பண்றோம்னு அறிவிப்பு வந்ததும் ஊரே குதிச்சுது. அப்புறம் மாசக்கணக்கா சத்தமே இல்ல. அந்த இடைவெளியில போலி ஏபிகே, போலி லிங்க், 'முன்கூட்டியே டவுன்லோட் பண்ண இங்கே அமுக்கவும்'னு ஏமாத்தற கும்பல் நல்லா அறுவடை பண்ணுச்சு. சில பேர் விபிஎன் போட்டுக் கொரியன் வெர்ஷன்ல ஆடினாங்க. பாஷை புரியாட்டி என்ன, துப்பாக்கிக்கு ஏது பாஷை.

பெரியவங்க சிரிச்சாங்க. "அதுல என்னடா இருக்கு, பொம்மைச் சட்டைதானே?" பொம்மைச் சட்டைதான். ஆனா அந்தச் சட்டைக்குப் பையன் ரீசார்ஜ் கடையில நோட்டை நீட்டி கூப்பன் வாங்கியிருக்கான். அந்த நோட்டு அவங்கப்பா துபாய்ல வெயில்ல நின்னு அனுப்பினது. செலவழிச்சது சரியா தப்பான்னு வீட்டுக்குள்ள திட்டுங்க, அது உங்க உரிமை. ஆனா காசு வாங்கினவன்கிட்ட 'நான் வாங்கினது என்ன ஆச்சு'ன்னு கேட்கற உரிமை அந்தப் பையனுக்கு இல்லன்னு எப்படிச் சொல்றது? கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டினோம், மண்டபக்காரர் ஊரைவிட்டுப் போயிட்டார்னா 'கல்யாணம் எதுக்கு ஆடம்பரமா பண்றே'ன்னு யாராவது கேட்பாங்களா?

தொழில்முறையில ஒரு விஷயம் சொல்றேன். ஒரு ஐடிங்கறது எங்கயோ இருக்கற டேட்டாபேஸ்ல சில வரிகள். லெவல் இவ்ளோ, ரேங்க் இது, இந்தத் துப்பாக்கிக்கு இந்தப் பெயின்ட், நண்பர்கள் இவங்க, மிச்சம் இருக்கற யூசி இவ்ளோ. (யூசின்னா கேமுக்குள்ள செல்லற காசு.) எடை கணக்குப் பார்த்தா ஒரு ஆளோட மொத்த வரலாறும் அவன் ஸ்டேட்டஸ்ல போடற ஒரு போட்டோவைவிடச் சின்னதா இருக்கும். அதை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு மாத்தறது சுலபம்னு சொல்ல மாட்டேன். டேட்டா மைக்ரேஷன் புராஜெக்ட்ல ஒரு வருஷம் தாவு தீர்ந்தவன் நான். ஆனா முடியாத வேலை இல்ல. ரெண்டு பக்கமும் மனசு வெக்கணும், பழைய ஆளும் புது ஆளும் ஒண்ணா உக்காரணும், ஆடறவன் சம்மதம் சொல்லணும். அவ்ளோதான்.

அது முடியும்ங்கறதுக்கு அத்தாட்சி 2021-லயே கிடைச்சுது. ஜூலை 2, 2021 அன்னிக்கு ஆண்ட்ராய்டுல பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா, அதான் பிஜிஎம்ஐ, முறைப்படி வந்துச்சு. இந்தத் தடவை வெளியிட்டது கிராஃப்டனே. பப்ஜி கார்ப்பரேஷனோட தாய் நிறுவனம். உள்ள நுழைஞ்சதும் 'உங்க பழைய கணக்கு விவரத்தை இங்க கொண்டு வரச் சம்மதமா'ன்னு கேட்டாங்க. சம்மதம்னா பழைய சட்டை, பழைய துப்பாக்கி எல்லாம் வந்து சேர்ந்துச்சு. அந்த ராத்திரி எங்க ஊர்ல பசங்க போட்ட கூச்சல் தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டுல வாடிவாசல் திறந்த மாதிரி இருந்துச்சு. ரத்தம் பச்சைக் கலர்ல தெறிச்சுது, பதினெட்டு வயசுக்குக் கீழ இருந்தா ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான்னு கட்டுப்பாடு வந்துச்சு. அதெல்லாம் யாரும் பெருசா எடுத்துக்கல. ஐடி வந்துடுச்சுல்ல.

ஆனா அந்தக் கதவு டிசம்பர் 31, 2021-ல மூடுச்சு. போன் உடைஞ்சு கிடந்தவன், அப்ப பரீட்சைக்காக வீட்டுல போனைப் பிடுங்கி வெச்சிருந்தவன், ஃபேஸ்புக், ட்விட்டர்னு எதோடயும் கணக்கைக் கட்டாம 'கெஸ்ட்'டா ஆடிட்டிருந்தவன், இவங்க வரலாறெல்லாம் அந்தப் பக்கமே நின்னு போச்சு. நான் கிராஃப்டனைக் குத்தம் சொல்லல. ஆறு மாசம் கதவைத் திறந்து வெச்சதே பெரிய விஷயம். என் ஆதங்கம் எல்லாம், அது அவங்களாப் பார்த்துக் கொடுத்த சலுகையா இருந்துச்சே, கேட்டு வாங்கற உரிமையா இல்லையேங்கறதுதான். கொடுக்காம விட்டிருந்தாலும் கேள்வி கேட்க ஒரு விதி கிடையாது.

வராத இன்னொண்ணு இருக்கு. பிஜிஎம்ஐ இந்தியாவுக்கு மட்டும்னு வந்த கேம். உலகம் பூரா ஆடற பப்ஜி மொபைல் வேற, இது வேற. எங்க சிங்கப்பூர்க்காரன் அந்தப் பக்கம், நாங்க மூணு பேர் இந்தப் பக்கம். ஒரு டேட்டாபேஸ் ரெண்டா பிரிஞ்சதுல என் நண்பர்கள் பட்டியல்ல ஒரு பேர் குறைஞ்சுது. நாலாவதா யாரோ ஒரு இந்தூர்ப் பையன் வந்தான், நல்லாத்தான் ஆடுவான், இந்தியில கவர் கேட்பான். நாங்க மூணு பேரும் மெதுவா மைக்கை ஆஃப் பண்ணிட்டோம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கற மாவட்டங்களுக்கு இந்தப் பிரிவு எப்படி வலிக்கும்னு எந்த அறிவிப்புலயும் ஒரு வரி கிடையாது. எதிர்பார்க்கவும் முடியாதுன்னு வைங்க.

நிற்க. ஜூலை 28, 2022-ல பிஜிஎம்ஐயும் கூகுள், ஆப்பிள் கடைகள்லேர்ந்து காணாமப் போச்சு. மறுபடியும் 69ஏ. 2023 மே மாசம் மூணு மாச சோதனைன்னு அனுமதி கொடுத்தாங்க, மே 29-லேர்ந்து திரும்ப ஆட முடிஞ்சுது. இன்னொரு பக்கம் ஃப்ரீ ஃபயர். 2022 பிப்ரவரி 14-ல தடை. அதே கம்பெனியோட ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தப்பிச்சுது. ரெண்டுக்கும் ஒரே கணக்குங்கறதால பசங்க பொட்டி படுக்கையோட பக்கத்து வீட்டுக்கு மாறிட்டாங்க. ஃப்ரீ ஃபயர் இந்தியான்னு தனியா 2023 செப்டம்பர் 5-ல வரும்னு தோனியை வெச்சு அறிவிச்சாங்க, அதுவும் கடைசி நேரத்துல தள்ளிப்போச்சு. நாலு வருஷத்துல இத்தனை. சித்தப்பா பையன் ஏன் நம்ப மாட்டேங்கறான்னு இப்ப புரியுதா?

இந்த இடத்துல எங்க ஊர்ப் பெருமை ஒண்ணு பேசிக்கிறேன். புதுக்கோட்டை சமஸ்தானமா இருந்தப்ப எங்களுக்குன்னு சொந்தக் காசு இருந்துச்சு. அம்மன் காசு. சின்னச் செப்புக்காசு, ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்துல 'விஜய'ன்னு இருக்கும். இருபது காசு சேர்ந்தா ஒரு அணா. மார்ச் 3, 1948 அன்னிக்கு சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சுது. வெளியிட்டவர் கிளம்பிட்டார், காசு கடையில செல்லாமப் போச்சு. ஆனாலும் அது இன்னிக்கும் சில வீட்டு பூஜை அறையில இருக்கு, மியூசியத்துல இருக்கு. மதிப்பு போனாலும் செம்பு மிஞ்சுச்சு. யூசிக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது. சர்வரை அணைச்சா பூஜை ரூம்ல வெக்க ஒரு பிக்சல்கூட மிஞ்சாது.

சரி, வெளியிடறவர் போனா ஆடறவன் கதி அதோகதிதான், வேற வழியே இல்லன்னு சில பேர் சொல்றாங்க. அவங்களுக்கு நான் ஞாபகப்படுத்தறது ஏர்செல். 2018 பிப்ரவரியை மறந்துட்டீங்களா? தமிழ்நாட்டுல பொறந்து வளர்ந்த கம்பெனி. எங்க பக்கம் பாதி பேர் கையில அந்த சிம்தான். திடீர்னு டவர் டவரா சிக்னல் செத்துச்சு, கடை வாசல்ல கூட்டம், அந்த மாசக் கடைசியில திவால் மனு. கம்பெனி போச்சு. ஆனா நம்பர் போகல! எங்கப்பாவோட நம்பர் இன்னிக்கும் அதே நம்பர்தான், வேற கம்பெனியில ஓடுது. பேங்க், கேஸ், ரேஷன் கார்டு எல்லாம் அந்த நம்பர்லதான் தொங்குது. ஏன் போகல? 2011 ஜனவரியிலேர்ந்து நாடு முழுக்க நம்பரை மாத்திக்கிட்டுப் போற வசதியைக் கட்டாயமாக்கி வெச்சிருந்தாங்க. கம்பெனி படுத்துட்டிருந்தப்பவும் டிராய் தலையிட்டு, போர்ட் பண்றதுக்கான கோடு ஜனங்களுக்குக் கிடைக்க வழி பண்ணுச்சு.

யோசிச்சுப் பாருங்க. அந்த நம்பரும் நமக்குச் சொந்தம் இல்ல. அதுவும் யாரோ ஒரு கம்பெனியோட டேட்டாபேஸ்ல ஒரு வரிதான். 2010-க்கு முன்னாடி 'கம்பெனி மாறினா நம்பர் போகும், அதுதான் உலக வழக்கம்'னு நாமளும் நம்பிட்டுதான் இருந்தோம். ஒரு விதி போட்டதும் உலக வழக்கம் மாறிடுச்சு. நம்பருக்கு முடிஞ்சது ஐடிக்கு ஏன் முடியாது?

'நம்பர் அத்தியாவசியம், கேம் பொழுதுபோக்கு'ன்னு ஒரு எதிர்வாதம் வரும். ஒத்துக்கறேன். அதனால அதே அளவு அவசரம் வேணும்னு கேட்கல. ஆனா பொழுதுபோக்குக்கு வாங்கின காசும் காசுதானே.

வேற நாட்டுல என்ன பண்றாங்கன்னு தேடிப் பார்த்தேன். சீனாவுல பிளிசார்டோட கேம்களை 2008-லேர்ந்து நடத்தினது நெட்ஈஸ். ஒப்பந்தம் புதுப்பிக்காமப் போய், 2023 ஜனவரியில சர்வரை மூடினாங்க. மூடறதுக்கு முன்னாடி வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடறவங்க தங்களோட கேரக்டர் விவரத்தை ஒரு ஃபைலா தங்கள் கம்ப்யூட்டர்ல இறக்கி வெச்சுக்க வழி கொடுத்தாங்க. ரெண்டு கம்பெனியும் 2024-ல சமாதானமாகித் திரும்ப வந்துச்சு. சண்டை போட்டுக்கிட்டே பிரியற கம்பெனிகளாலயே இதைச் செய்ய முடிஞ்சிருக்குங்கறதுதான் எனக்கு முக்கியம். இன்னொண்ணு, சிட்டி ஆஃப் ஹீரோஸ். 2012 நவம்பர் 30-ல என்சிசாஃப்ட் மூடின கேம். ஆடினவங்களே திருட்டுத்தனமா சர்வர் நடத்தி அதை உசுரோட வெச்சிருந்தது 2019-ல வெளியில தெரிஞ்சுது. கம்பெனி கடைசியில 2024 ஜனவரியில 'ஹோம்கமிங்'ங்கற அந்த ரசிகர் குழுவுக்கு முறைப்படி உரிமமே கொடுத்துச்சு. பதினோரு வருஷத்துக்கு மேல! நம்ம ஊர்ல கும்பாபிஷேகத்துக்குத்தான் அப்படிக் காத்திருப்பாங்க.

ஐரோப்பாவுல யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல 'தி க்ரூ'ங்கற கார் ரேஸ் கேமோட சர்வரை மூடினதுல ஆரம்பிச்சு, கேம்களைக் கொல்லாதீங்கன்னு ஒரு இயக்கமே நடக்குது. 2025 ஜூலையில கையெழுத்து பத்து லட்சத்தைத் தாண்டுச்சு. கலிஃபோர்னியாவுல 2025-லேர்ந்து ஒரு சட்டம். எந்த நேரமும் பறிபோகக்கூடிய டிஜிட்டல் பொருளுக்கு, அது வெறும் உரிமம்தான்னு தெளிவாச் சொல்லாம 'வாங்குங்க'ன்னு பட்டன் வெக்கக் கூடாது. சின்ன விஷயம்தான், ஆனா நேர்மையான விஷயம்.

நம்ம நாட்டுல? 2019-ல கொண்டு வந்த தனிநபர் தரவு மசோதாவுல 'என் தரவை இன்னொரு இடத்துக்கு எடுத்துட்டுப் போற உரிமை'ன்னு ஒண்ணு இருந்துச்சு. 2023-ல சட்டமா நிறைவேறினப்ப அது காணோம். பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கச் சொல்லலாம். தூக்கிட்டுப் போக முடியாது. அழிக்கற உரிமை இருந்து எடுத்துட்டுப் போற உரிமை இல்லன்னா, வீட்டைக் காலி பண்றப்ப சாமானைக் கொளுத்தலாம், ஆனா லாரியில ஏத்தக் கூடாதுன்னு சொல்ற மாதிரி இருக்கு. சட்டம் எழுதினவங்களுக்குக் கேம் ஞாபகம் வந்திருக்காதுதான். ஆனா இது கேமோட நிக்கற விஷயம் இல்லையே. உங்க பாட்டு லிஸ்ட், போட்டோ, பத்து வருஷமா எழுதின பதிவு எல்லாத்துக்கும் இதே கதைதான்.

கம்பெனிக்காரங்க பக்கமும் ஞாயம் இருக்கு, மறைக்கல. சர்வர் நடத்தக் காசு ஆகும். ஆடற ஆள் குறைஞ்சா கட்டுப்படியாகாது. காலம் முழுக்க நடத்துன்னு யாரும் கேட்க முடியாது. அரசு உத்தரவு வந்தா ஒரே ராத்திரியில நிறுத்தித்தான் ஆகணும். சரி. ஆனா கண்மாய் மீன் குத்தகைக்கு எங்க ஊர்ல ஒரு எழுதாத விதி உண்டு. குத்தகை முடிஞ்சா மீனைப் பிடிச்சுட்டுப் போ, மடையைத் திறந்துவிட்டுத் தண்ணியைக் காலி பண்ணிட்டுப் போகாதே. அந்த அளவு போதும். கிளம்பறதா இருந்தா மூணு மாசம் முன்னாடி சொல்லு. சொன்ன நாள்லேர்ந்து புதுசாக் காசு வாங்காதே. செலவாகாத யூசிக்குக் காசைத் திருப்பிக் கொடு. புதுசா ஒருத்தர் வர்றார்னா, கேட்கறவங்களோட கணக்கை அவர்கிட்ட ஒப்படை. யாரும் வரலைன்னா ஒரு ஃபைலாவது கையில கொடு. தடை போடற அரசாங்கமும் உத்தரவுலயே ஒரு வரி சேர்க்கலாம்: ஆட்டத்தை நிறுத்து, ஆனா கணக்கை இத்தனை நாள் வரைக்கும் அழிக்காதே. நாட்டுப் பாதுகாப்புக்கு அதால ஒரு குறையும் வராது.

மூணு மாசம் முன்னாடின்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கிரிக்கெட் கேம் ஒண்ணு, பேரு வேணாம், ரொம்பச் சின்னது. அதுல நானூறு ரூபாய் போட்டு ஒரு டீம் கட்டி வெச்சிருந்தேன். ஆபீஸ்ல ரிலீஸ் நேரம், ஒரு மாசம் திறக்கவே இல்ல. திறந்தா 'எங்களோடு பயணித்தமைக்கு நன்றி'. முப்பது நாள் நோட்டீஸாம். அது அந்த ஆப்புக்குள்ளதான் காட்டுமாம்.

சட்டம் வர்ற வரைக்கும் தம்பிகளுக்கு நான் சொல்றது இதுதான், சித்தப்பா பையன்கிட்டயும் இதையேதான் சொன்னேன். கெஸ்ட்டா ஆடாதே, இன்னிக்கே ரெண்டு இடத்துல கணக்கைக் கட்டி வை. யூசியை மொத்தமா வாங்கி மிச்சம் வெக்காதே, தேவைப்பட்டப்ப தேவைப்பட்டது மட்டும் வாங்கு. காசு கட்டின மெயில், எஸ்எம்எஸ் எதையும் அழிக்காதே. வருஷத்துக்கு ஒரு தடவை லெவல், ரேங்க், சட்டை எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. கேமுக்குள்ள மட்டும் தெரிஞ்ச ஸ்குவாட் ஆள் எவனா இருந்தாலும் அவன் நெசப் பேரையும் போன் நம்பரையும் கேட்டு வாங்கி நோட்டுல எழுது.

"நோட்டுலயாண்ணே?"ன்னான். நோட்டுலதான்டா.